மர வீட்டின் முன்னால் நின்றவர்கள்

அக்கா இருந்தாள். நான் இருந்தேன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவள் இருந்தாள். மாதா கோயில் தெருக்காரி இருந்தாள். பெண்ணாடத்துக்காரி இருந்தாள். சூப்பர்வைசர் இருந்தார், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடி, கையில் டீ கிளாஸோடு.

ஆறு பேர். வேறு யாரும் இல்லை.

முதலிலேயே இதை எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு விசாரித்தபோது ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன் என்றாள். ஒருத்திக்குக் காது சரியாகக் கேட்காதாம். சூப்பர்வைசரோ அன்றைக்கு அந்த மேசைப் பக்கமே வரவில்லை என்று சொல்லிவிட்டார். வந்தார். டீ குடித்தார். காலி கிளாஸை எங்கள் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அதைக் கழுவி வைத்தது நான்.

எமர்ஜென்சி இருந்த சமயம். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி. பெயர் வேண்டாம். கப்பு, சாசர், தட்டு, ஊறுகாய் ஜாடி, கொலுவுக்குப் பொம்மை, எல்லாம் செய்வார்கள். மண் அரைக்கிற இடத்தில் ஆண்கள். அச்சு வேலையில் ஆணும் பெண்ணும். பூ ஒட்டுகிற மேசை மட்டும் முழுக்கப் பெண்கள்.

பூ ஒட்டுவது என்றால் என்ன என்று சொல்கிறேன். சுட்டுப் பளபளப்பு ஏறிய வெள்ளைச் சாமான் எங்கள் மேசைக்கு வரும். பூ அச்சடித்த காகிதம் மெட்ராஸிலிருந்து வரும். காகிதத்தைத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பூ மட்டும் தோல் மாதிரி கழன்று கொடுக்கும். அதை நழுவவிட்டுக் கப்பின் மேல் உட்கார வைத்து, ரப்பர் துண்டால் தண்ணீரை வழித்துவிட வேண்டும். உள்ளே ஒரு சொட்டு நின்றாலும் சூளையில் கொப்புளம் கட்டி வெடிக்கும். பிறகு சின்னச் சூளையில் இன்னொரு தரம் சுட்டால் பூ சாமானோடு சாமானாகிவிடும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

மேசைக்குத் தலைவி அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. எல்லோரும் அக்கா என்றோம். முதலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடுவதற்கு என்ன, காசா பணமா.

கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அக்கா அங்கே இருந்தாள். ஆனாலும் தினக்கூலி. மழை மாசத்தில் மண் காயாது, சூளை நின்றுவிடும், தினக்கூலிக்காரர்களை வரவேண்டாம் என்பார்கள். பர்மனென்ட் ஆட்களுக்கு அப்போதும் சம்பளம் உண்டு. அக்கா சேற்றில் இறங்கிக் களை எடுக்கப் போவாள். அவளுக்கு ரெண்டு பெண்பிள்ளைகள். வீட்டுக்காரர் லாரியில் கிளீனராக இருந்து, லாரியிலேயே அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். மூத்த மகளுக்குப் படிப்பு வந்தது. அவளை டீச்சர் டிரெயினிங் அனுப்ப வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். அதற்கு மழை மாசத்திலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதற்கு பர்மனென்ட் ஆக வேண்டும்.

முதலாளி சொல்லியிருந்தார். இந்த அமெரிக்க ஆர்டரை நல்லபடியாக முடித்துக் கொடு, பொங்கலுக்கு உன்னை பர்மனென்ட் ஆக்கிவிடுகிறேன் என்றார். எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அக்கா அதை மகளிடம் சொல்லிவிட்டாள். மகள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அமெரிக்கா என்கிற நாடு பிறந்து இருநூறு வருசம் ஆகப் போகிறதாம். அங்கே முதன்முதலில் சேர்ந்த மாகாணங்களில் ஒன்று இந்த ஆர்டரைக் கொடுத்தது. மெட்ராஸ் ஏஜென்ட் அதன் பெயரைச் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. அந்த மாகாணத்தில் அந்தக் காலத்தில் எடுத்த போட்டோக்களைத் தட்டில் பதித்து விற்கப் போகிறார்கள். தட்டு இங்கே மலிவு என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். படக்காகிதம் அங்கேயே அச்சாகிக் கட்டுக் கட்டாக வந்தது. எல்லாம் ஒரே பழுப்பு. டீத்தண்ணியில் நனைத்துக் காயவைத்த துணி மாதிரி.

ஐந்து படம். ஒன்று கோர்ட்டு, முன்னால் பெரிய பெரிய தூண்கள். ஒன்று ஆற்றங்கரையில் மாவு மில்லு. ஒன்று மரப்பாலம். ஒன்று ஊசி மாதிரி கோபுரம் வைத்த சர்ச். கடைசி ஒன்று மர வீடு.

நாலு படத்தில் ஆள் கிடையாது. வெறும் கட்டடம். சர்ச் படத்தைப் பார்த்ததும் மாதா கோயில் தெருக்காரிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"கோயில் மேல சாம்பார் ஊத்துவாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"அபிஷேகம்னு நெனச்சுக்க," என்றாள் பெண்ணாடத்துக்காரி. அவள் வாய் அப்படி.

அக்கா ரெண்டு பேரையும் அதட்டிவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். கட்டடத்துக்குப் பரவாயில்லை. ஆள் இல்லாத வரைக்கும் ஒன்றும் இல்லை.

மர வீட்டுப் படத்தில் ஆள் இருந்தார்கள்.

பலகை பலகையாக அடித்த வீடு. மாடி உண்டு. வாசலில் படிகள். படிக்கு முன்னால் நாற்காலியில் ஒரு கிழவர், நெஞ்சு வரை தாடி. பக்கத்தில் கிழவி, தலையில் குல்லா போட்டு மோவாயில் நாடா கட்டியிருந்தாள். சுற்றிலும் பிள்ளைகள், மருமகள், பேரப்பிள்ளைகள். எல்லோருக்கும் கழுத்து வரை பட்டன். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"சீர் பத்தலன்னு நிக்கிற மாப்ள வூட்டுக்காரங்க மாதிரி இருக்காங்க," என்றாள் பெண்ணாடத்துக்காரி.

படத்தின் ஓரத்தில், வேலியை ஒட்டி, வேறு சிலர் நின்றார்கள். கறுத்த முகம். காலில் செருப்பு இல்லை. ஒரு பொம்பளை இடுப்பில் பிள்ளையை வைத்திருந்தாள். படம் எடுக்கும்போது பிள்ளை அசைந்துவிட்டது போலிருக்கிறது. அதன் முகம் மட்டும் கலங்கிப் போயிருந்தது. கருவேப்பிலங்குறிச்சிக்காரி காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். இவர்கள் நம் பக்கத்து ஆட்களா என்று கேட்டாள்.

அப்போதுதான் சூப்பர்வைசர் டீ கிளாஸோடு வந்தார். ஏஜென்ட் தன்னிடம் சொன்னதை எங்களுக்குச் சொன்னார். படம் எடுத்து நூறு வருசத்துக்கு மேல் ஆகிறது. வேலியோரம் நிற்பவர்கள் அந்த வீட்டில் வேலை செய்தவர்கள். விலைக்கு வாங்கிய ஆட்களாம். சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி பல்லைப் பார்த்து வாங்குவார்களாம்.

"ஆள வெலைக்கா வாங்குனாங்க?" என்றாள் கருவேப்பிலங்குறிச்சிக்காரி.

"வெலைக்கு வாங்குனா மழ மாசத்துலயும் சோறு போட்டாவணும்," என்றாள் பெண்ணாடத்துக்காரி. "நம்மள மாதிரி தெனக்கூலின்னா அந்தச் செலவு இல்ல."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. நாங்களும் அடக்கிக்கொண்டோம்.

அக்கா கேட்டாள், இதில் யாராவது இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று. இடுப்பில் இருக்கிற பிள்ளைகூட இந்நேரம் செத்திருக்கும் என்றார் அவர். அக்கா கையிலிருந்த காகிதத்தை மேசையில் வைத்துவிட்டாள். நாங்களும் வைத்தோம்.

எங்கள் வீடுகளில் அப்போது போட்டோ என்றால் அது செத்தவர் போட்டோதான். ஆளே எதிரில் இருக்கும்போது படம் எதற்கு. ஆள் போன பிறகுதான் தேடுவோம். எந்தக் கல்யாணத்திலாவது, எந்த ஆபீசிலாவது கூட்டமாக எடுத்த படத்தில் ஒரு மூலையில் நிற்பார். ஸ்டூடியோவில் கொடுத்தால் அவரை மட்டும் தனியாக எடுத்துப் பெரிசு பண்ணிக் கண்ணாடி போட்டுக் கொடுப்பார்கள். மாட்டிப் பொட்டு வைப்போம். வெள்ளிக்கிழமை பூ. அமாவாசைக்குப் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்போம். முன்னால் வைப்போம். முகத்தின் மேல் யாரும் சோற்றைக் கொட்டுவதில்லை. அக்கா வீட்டில் அவள் வீட்டுக்காரர் படமும் அப்படி எடுத்ததுதான். லாரி ஆபீசில் கூட்டமாக நின்ற படம். அதிலிருந்து அவரை மட்டும் பிரித்தார்கள். அவர் தோளில் யாருடைய கையோ இருக்கும். கைக்காரர் இருக்க மாட்டார்.

"செத்தவங்க மூஞ்சி மேல சோறு போட்டுத் திங்கறதா சார்?" என்று அக்கா கேட்டாள்.

அதோடு இன்னொரு சங்கடமும் இருந்தது. ஏஜென்ட் கேட்டது தட்டையான தட்டு. கம்பெனியில் அந்த அச்சு இல்லை. புது அச்சுக்குச் செலவாகும் என்று முதலாளி இருக்கிற சாப்பாட்டுத் தட்டு அச்சிலேயே அடிக்கச் சொல்லிவிட்டார். அதில் நடுக்குழி சின்னது, ஓரம் அகலம். மற்ற நாலு படமும் குழிக்குள் உட்கார்ந்தன. மர வீட்டுப் படம் அகலமானது. நடுவில் வைத்தால் பக்கவாட்டில் மேட்டில் ஏறிச் சுருங்கியது. சுருங்கினால் சூளையில் பிளந்துகொள்ளும். அக்கா ஒரு தட்டில் வைத்தே காட்டினாள்.

சூப்பர்வைசர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாமான் கப்பலேறுகிற தேதி நெருங்கியிருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வெட்டி ஒட்டுவியோ பிரிச்சு ஒட்டுவியோ, அது உன் சவுரியம். சுருக்கம் இல்லாம வந்தா சரி."

இதுதான் சொன்னார். நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கிளாஸை வைத்தார், போனார்.

மறுநாள் காலை அக்கா வழி சொன்னாள். வீட்டை மட்டும் வெட்டி நடுவில் வைப்போம். ஆட்களை ஓரத்து மேட்டில் நிறுத்துவோம். சோறு வீட்டின் மேல் விழும், ஆள் மேல் விழாது. படமும் சுருங்காது. ஸ்டூடியோக்காரன் செய்வதைத்தானே நாமும் செய்கிறோம் என்றாள்.

கத்தரிக்கோல் அவளுடையது, வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். மற்றவர்களும் கொண்டுவந்தோம். ஒவ்வொரு ஆளாகச் சுற்றி வெட்டினோம். தாடி, குல்லா, நாடா, கவுன் மடிப்பு. நகம் வெட்டுகிற பதமாக வெட்ட வேண்டியிருந்தது. இடுப்பில் பிள்ளை வைத்தவளை அக்கா யாரிடமும் கொடுக்கவில்லை. தானே வெட்டினாள், பிள்ளையோடு சேர்த்து.

ஆட்களை எடுத்ததும் வீட்டின் அடியில் தலை தலையாக வெள்ளைப் பள்ளம் விழுந்தது. அதை மறைக்க டீ கப்புக்கு வைத்திருந்த ரோஜாப்பூக் காகிதத்தை எடுத்து வரிசையாக ஒட்டினோம். பழுப்பு வீடு, வாசலில் சிவப்பு ரோஜா. பார்க்க நன்றாகவே இருந்தது. அமெரிக்காவில் ரோஜா இருக்குமா என்று மாதா கோயில் தெருக்காரி சந்தேகப்பட்டாள். இல்லாவிட்டால் இனிமேல் இருக்கட்டும் என்றாள் பெண்ணாடத்துக்காரி.

ஓரத்தில் நிறுத்தும்போது இன்னொரு சிக்கல். வட்டமாகச் சுற்றி ஒட்டினால் கீழே வருகிறவர் தலைகீழாக நிற்பார். அது ஆகாது. அதனால் தட்டின் மேல்பாதியில் மட்டும் நெருக்கி நெருக்கி நிறுத்தினோம். தாடிக் கிழவர் உச்சியில், நாற்காலியோடு. மற்றவர்கள் ரெண்டு பக்கமும். வேலியோரம் நின்றவர்களுக்கு இடம் தேடியபோது கிழவிக்கு அடுத்துத்தான் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே நிறுத்தினோம்.

"தே, அந்தம்மா மொறைக்குது பாரு," என்றாள் பெண்ணாடத்துக்காரி.

"மொறைக்கட்டும்," என்றாள் அக்கா. "செத்தப்பறம் இன்னா."

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள். யாரையும் விட்டுவிடக் கூடாது. ஒரு தட்டில் ஒரு ஆள் குறைந்தாலும் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவாள். இடம் இல்லை என்றால், தள்ளி நிற்கச் சொல்லு, நிற்பார்கள் என்பாள்.

சூளை திறந்த அன்றைக்கு சூப்பர்வைசர் நின்றார். தட்டுகள் ஒன்றுகூடப் பிளக்கவில்லை. ஒரு கொப்புளம் இல்லை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "பரவால்லியே," என்றார். அதையும் பிறகு மறந்துவிட்டார்.

ஏஜென்ட் மெட்ராஸிலிருந்து காரில் வந்தார். பெட்டியைத் திறந்து கோர்ட்டைப் பார்த்தார், மில்லைப் பார்த்தார், தலையாட்டினார். மர வீட்டுத் தட்டை எடுத்தார். முதலில் சிரித்தார். உட்கார்ந்து சிரித்தார். அப்புறம் இன்னொன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், எல்லாம் அப்படியே இருக்கக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. இங்கிலீஷில் கத்த ஆரம்பித்தார். முதலாளி ஓடி வந்தார்.

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அது சோறு தின்கிற தட்டே இல்லை. சுவரில் மாட்டுகிற தட்டு. அழகுக்கு.

எங்களுக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னார்களா? தட்டை ஆணி அடித்துச் சுவரில் மாட்டுவார்கள் என்று இந்தப் பேட்டையில் எந்தப் பெண்பிள்ளைக்குத் தெரியும்? சுவரில் மாட்டத்தான் படம் இருக்கிறதே, அதை எதற்குத் தட்டில் போட வேண்டும் என்று அக்கா கேட்டாள். ஏஜென்ட் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நியாயமான கேள்விதான். இன்றுவரைக்கும் எனக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

தட்டு எதற்கு என்று எங்களுக்குச் சொல்லாதது ஏஜென்ட். தட்டையான அச்சு செய்யாதது முதலாளி. வெட்டி ஒட்டு என்றது சூப்பர்வைசர். கத்தரிக்கோல் அக்காவுடையது. அதனால் குற்றம் அவளுடையது.

முதலாளி அறையில் விசாரணை. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்கள். அன்று காலை சங்கத்துக்காரர் கேட் வரைக்கும் வந்தார். இது வாயைத் திறக்கிற நேரமில்லை, தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். எமர்ஜென்சி நிறையப் பேருக்கு நல்ல சாக்காக இருந்தது.

கருவேப்பிலங்குறிச்சிக்காரிக்குக் காது கேட்காமல் போனது அன்றைக்குத்தான். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தால் மேசையிலிருந்து எழுந்து ஓடுகிறவள் அவள். மாதா கோயில் தெருக்காரி தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். பெண்ணாடத்துக்காரி சொன்னாள். டீ குடித்துக்கொண்டே சொன்னார், வெட்டி ஒட்டச் சொன்னார், என் தாய் மேல் சத்தியம் என்றாள். உனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊருக்கே தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நானும் சொன்னேன். டீ கிளாஸைக் கழுவி வைத்தது வரைக்கும் சொன்னேன். முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் காலண்டரைப் பார்த்தார்.

"நீயும் அவளும் ஒரே தெரு. நீ அப்படித்தான் சொல்லுவ," என்றார் முதலாளி.

ஒரே தெருவில் குடியிருந்தால் சாட்சி செல்லாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சூப்பர்வைசர் முதலாளிக்கு மச்சான் முறை. அது செல்லும்.

பேசாத ரெண்டு பேர் மேல் இருந்த கோபம் சீக்கிரமே போய்விட்டது. வேலை போனால் அவர்களுக்கும் அதே சேறுதான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் வந்த கோபம் போகவில்லை. அவர்களுக்குப் போக என்ன இருந்தது? ஒரு வார்த்தை. ஆமாம், சொன்னேன், மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை. மச்சானை யாரும் வேலையை விட்டு எடுத்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக அக்கா. அவளை உட்காரச் சொல்லவில்லை. கதவு திறந்திருந்தது, நான் வெளியே நின்றேன். முதலாளி தணிவாகத்தான் பேசினார். பர்மனென்ட் இனிமேல் இல்லை. ஆனால் தினக்கூலியில் வைத்துக்கொள்கிறேன். நீ ஒன்று செய்ய வேண்டும். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன் என்று ஏஜென்ட் முன்னால் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடு. அவ்வளவுதான் என்றார்.

எனக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கேட்டுவிடு அக்கா என்று எனக்கே வாய் வரைக்கும் வந்தது.

"வெட்டுனது நான்தாங்க," என்றாள். "அவரு சொன்னதால வெட்டுனேன். அத்த நான் எப்படி மாத்திச் சொல்றது?"

"அப்ப சூப்பர்வைசரு பொய் சொல்றாருங்கறியா?"

"அவரப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க. என்னப் பத்திச் சொன்னேன்."

"பேசக் கத்துக்கினியா. நாளையிலேர்ந்து வராத."

"சரிங்க," என்றாள் அக்கா. "போயிட்டு வரேன்."

மேசைக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஊறப்போட்ட காகிதம் ஒன்று தண்ணீரில் கிடந்தது. ரொம்ப நேரம் கிடந்தால் வீணாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். வேலை போகிற நேரத்திலும் அவர்கள் காகிதத்தைப் பற்றிக் கவலைப்பட்டாள். அதற்காக அவள் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

வீணாய்ப் போன தட்டுகள், வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று குதித்தார்களே, அவற்றை உடைத்துக் குழியில் போட்டார்களா? இல்லை. கேட் பக்கத்தில் பழுதுபட்ட சாமான் விற்கிற கொட்டகை உண்டு. அங்கே அடுக்கினார்கள். ரோஜாப்பூவுக்காக ஊரே வாங்கியது. ஒன்று மிஞ்சவில்லை. சூப்பர்வைசரே அரை டஜன் வீட்டுக்கு எடுத்துப் போனார். ஜங்ஷன் எதிரில் டீக்கடையில் ஒரு ஆள் அந்தத் தட்டில் வடை தின்பதை நான் பார்த்தேன். பஸ்ஸுக்கு அவசரமாகத் தின்றார், குனிந்து பார்க்கவில்லை. சட்னி மர வீட்டின் மேல்தான் கிடந்தது. ஓரத்தில் நின்றவர்கள் மேல் படவில்லை. அக்கா நினைத்தது நினைத்த மாதிரியே நடந்திருந்தது. அதைச் சொல்ல அங்கே அவள் இல்லை.

பொங்கல் வந்தது. கருவேப்பிலங்குறிச்சிக்காரியை பர்மனென்ட் ஆக்கினார்கள். அவள் அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மர வீட்டுத் தட்டைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அப்போதாவது தட்டையான அச்சு செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. அதே சாப்பாட்டுத் தட்டு, அதே சின்னக் குழி. இந்தத் தடவை சூப்பர்வைசரே மேசைக்கு வந்தார். காகிதக் கட்டை அடுக்கி, மேலே இரும்பு ஸ்கேலை வைத்து, பிளேடால் வேலியோரத்தை ஒரே இழுப்பாக அறுத்தார். வேலி போனது. வேலியோரம் நின்றவர்களும் போனார்கள். மிச்சப் படம் குழிக்குள் அளவாக உட்கார்ந்தது. தாடிக் கிழவர் சரியாக நடுவில் வந்தார். அறுத்த துண்டுகள் மேசையிலிருந்து தண்ணீர் வாளிக்குள் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் படம் கழன்று வாளியின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. பிள்ளையை இடுப்பில் வைத்தவள் வாளியில் இருந்தாள்.

ஆள் குறைகிறதே சார் என்றேன்.

"அவங்க அந்த வூட்டு ஆளுங்க இல்லம்மா, வேலக்காரங்க," என்றார். "யாரு தேடப்போறா?"

அக்கா வெட்டியது தப்பு. அவர் வெட்டியது வேலை. ஏஜென்ட் வந்து பார்த்து, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சூப்பர்வைசர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்டிகளுக்கு வைக்கோல் திணித்து ஆணி அடித்தார்கள். ஸ்டேஷனுக்கு லாரி போனது.

அக்காவை மறுபடி பேட்டையில் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. முதலாளிகளுக்குள் பேச்சு உண்டு. மூத்த மகள் டிரெயினிங் போகவில்லை. கடைவீதியில் ஜவுளிக்கடையில் துணி மடித்துப் போடுகிற வேலைக்கு நின்றாள். அக்கா வருசம் முழுக்கக் களை எடுத்தாள். பேட்டையில் இருந்தபோது எங்கள் எல்லோர் கால்களைப் போலவும் அவள் காலும் வெள்ளை மாவு பூசின மாதிரி இருக்கும். இப்போது சேற்றுப்புண்.

லாரி போன அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கால் விரலிடுக்கில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். வேலையைப் பற்றி நான் எடுக்கவில்லை. அவள்தான் எடுத்தாள். தட்டு போய்விட்டதா என்றாள். போய்விட்டது என்றேன். சுருக்கம் விழவில்லையா என்றாள். விழவில்லை, அறுத்துவிட்டார்கள் என்றேன். எந்தப் பக்கம் என்றாள். வேலிப் பக்கம் என்றேன்.

மருந்து தடவுகிற கை நின்றது.

"பொம்பள, கொழந்த எல்லாமா?"

"எல்லாந்தான்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குத் தேவலை என்றிருந்திருக்கும். சூப்பர்வைசர் யாரு தேடப்போறா என்று சொன்னதைச் சொன்னேன். மருந்து டப்பாவை மூடி வைத்தாள். சேலையில் கையைத் துடைத்தாள்.

"மொத்தம் எத்தினி பேரு இருந்தாங்க, எத்தினி பேரு போனாங்க, எண்ணுனியா?" என்று கேட்டாள்.

எண்ணியிருந்தேன். சொன்னேன்.

படத்தில் பதினொரு பேர். தட்டில் ஏழு.